திமிங்கிலத்தின் முதுகுக்குச் சித்தூர் வழியாக

திமிங்கிலத்தின் முதுகில் கருவி ஒட்ட வழி தேடி நான் போய் இறங்கிய ஊரில் கடல் இல்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்தால் குன்றுகள், மாந்தோப்புகளுக்குப் போகும் டிராக்டர்கள், பூ விற்பவர்கள். அருகில் நின்ற ஒருவரிடம் நேரம் கேட்டேன். அவர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார். சித்தூர் எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தப் பதிலில்தான்.

நான் திருகோணமலைக்காரி. கடல் உயிரினங்களை ஆராயும் ஒரு சிறு குழுவில் வேலை. எங்கள் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால் நீலத்திமிங்கிலங்கள் கிட்ட வரும். பங்குனி மாதத்தில் கோணேசர் கோயில் பாறையில் நின்றால் அவை மூச்சு விடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். கப்பல்களும் அதே பாதையில்தான் வரும். போன வருடம் ஒரு பெண் திமிங்கிலம் முதுகு முறிந்து கரையொதுங்கியது. அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அதன் வால்வரை நடந்தவள் நான். அந்த நடையை நான் மறக்க நினைக்கவில்லை.

அவை எந்த நேரத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால் கப்பல்காரர்களிடம் பேசலாம். அதற்கு ஒரு கருவி உண்டு. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவு, மஞ்சள் நிறம். அடியில் நான்கு ரப்பர்க் கிண்ணங்கள். முதுகில் பட்டதும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஆழம், ஒலி, அசைவு எல்லாம் பதியும். சில மணி நேரத்தில் தானாகக் கழன்று மிதக்கும். முன்பெல்லாம் படகில் கிட்டப் போய் நீளக் கம்பால் ஒட்டுவார்கள். படகுச் சத்தத்திலேயே திமிங்கிலம் மிரண்டுவிடும். ட்ரோனிலிருந்து போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எங்களுக்கு வேறு தொல்லை. போன பருவம் முழுவதும் ட்ரோனிலிருந்து போட்டோம். ஒவ்வொரு முறையும் கருவி பக்கவாட்டில் விழுந்து, வழுக்கிக் கடலுக்குள் போனது. இரண்டில் ஒன்று தொலைந்தே விட்டது. மிஞ்சிய ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கடனாகக் கொடுத்தது. இந்தப் பருவத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு தோழி கைபேசியில் ஒரு காணொளி அனுப்பினாள். சித்தூர்ப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் மொட்டைக் குன்றுகளில் ட்ரோனால் விதையுருண்டை போடுகிறார்கள். ஒவ்வொரு உருண்டையும் குழிக்குள் நேராகப் போய் விழுந்தது. நான் அவர்களைக் கூப்பிட்டேன். "வாங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார் கணவர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் புறப்பட்டேன்.

முனிரத்தினம் நகரிக்காரர். முன்பு விசைத்தறி மெக்கானிக். இப்போது மாந்தோப்புகளுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்க்கிறார். பருவம் வராததால் மூடிக்கிடந்த ஒரு மாங்கூழ் ஆலையின் பின்புறம் பட்டறை. மனைவி சுகுணாவிடம் ட்ரோன் ஓட்டும் உரிமம் இருக்கிறது. செய்வது அவர், பறக்கவிடுவது இவர்.

"நீங்கள் ஓட்டிறேல்லையா அண்ணை?" என்று கேட்டேன்.

"எனுக்கு அண்ணாந்து பாத்தாலே தலை சுத்தும் மேடம்" என்றார் முனிரத்தினம், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

சுகுணா தட்டில் இட்லி வைத்து, "முதல்ல துன்னுங்க மேடம். அப்பால பேசிக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரில் மாடு தின்னும், மனிதர் சாப்பிடுவார்கள். என் முகத்தைப் பார்த்து அவர் பதறிப்போய், "காரமா?" என்று கேட்டார். நான் விளக்கியதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட வைத்த சட்னியை அவர்கள் மல்லாட்டைச் சட்னி என்றார்கள். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, எங்களுக்கு அது கச்சான். எங்கள் ஊரில் கச்சானை வறுத்துக் கொறிப்போம், இப்படி அரைத்து இட்லிக்கு மேல் ஊற்றியதில்லை. அன்று மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்குள் வெதுருகுப்பம் பக்கம் ஒரு தோப்புக்குப் போனோம். மாம்பூ விரிந்திருந்த நேரம். தத்துப்பூச்சி விழுந்தால் பூ கருகிவிடும் என்பதால் சுகுணாவுக்கு ஓய்வே இல்லை. காற்று எழும்புவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். பெரிய நண்டு போன்ற அந்த இயந்திரத்தை அவர் மரவரிசைக்கு மேலே நகர்த்திய விதத்தில் அவசரமே தெரியவில்லை. கட்டைவிரல் இரண்டும் அசைகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து, போன வருடத்துக் காணொளியைக் கேட்டார். கொடுத்தேன். கருவி விழுவதை மூன்று முறை பார்த்தார்.

"எவ்ளோ எத்துலேர்ந்து போட்டீங்க?"

எத்து என்றால் உயரம். தெலுங்கும் தமிழும் அவர் வாயில் ஒரே சொற்குடும்பம்.

"மூண்டு மீற்றர். முதல் அஞ்சிலயிருந்து போட்டனாங்கள், சரிவரேல்லை. அதால இன்னும் கிட்ட இறக்கினம்."

"அதான் தப்பு மேடம்."

இவ்வளவு சுலபமாக யாரும் எனக்குத் தப்பு என்று சொன்னதில்லை. நான் ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய் ட்ரோனைக் கிளப்பினார். ஒரு மரத்தின் மேல் தாழ்வாகப் பிடித்தார். இலைகள் எல்லாம் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. மெல்ல உயர்த்தினார். ஓர் உயரத்துக்கு மேல் இலைகள் அடங்கி, லேசாகத் தலையாட்டிக்கொண்டு நின்றன.

"கிட்ட போனா ஃபேன் காத்து தரையில அடிச்சி மேல எழும்புது. அதுதான் உங்க கருவிய பொரட்டுது. எனுக்கும் முதல் வருசம் மருந்து பூவுல படாம பக்கத்து வரப்புல போய்க்கினு இருந்திச்சி. நீங்க ஏறணும் மேடம். எறங்கக் கூடாது."

போன பருவத்தில் நாங்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், படகில் நின்று "இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு" என்று கத்தியது ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

முனிரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை. "மேலேர்ந்து போட்டா காத்துல சாயும். ஒரு வாலு வேணும். கருவிய தூக்குற கொக்கியும் இப்பிடி ஒத்தையா கூடாது. ரெண்டு ஊசி, ஒரே இழுப்புல ரெண்டும் வுடணும்" என்று தரையில் குச்சியால் வரைந்தார். இருவரும் என்னை மறந்து தெலுங்கில் சண்டை போட்டார்கள். முடிவில் உயரமும் உண்டு, வாலும் உண்டு என்று தீர்மானமானது. வாலைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தரும் இயந்திரம் திருப்பதியில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. கருவியை நேரில் வைத்து அளவெடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை வேலையை முடித்துக்கொண்டு சுகுணாவும் நானும் திருப்பதிக்குப் பேருந்து ஏறினோம். மாலை மருந்தடிக்கத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. பாதி வழியில் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, இனி இது நகராது, பின்னால் வருவதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் சொன்னார். பின்னால் வந்ததில் ஏற்கெனவே நாராயணவனம் பக்கத்திலிருந்து மலைக்குப் போகும் பெண்கள் கூட்டம். மஞ்சள் சேலை, ஆளுக்கொரு பை. நான் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "குடு கண்ணு, நான் வெச்சிக்கிறேன்" என்று என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பேருந்திலும் இது நடக்கும். வீட்டு நினைவு வந்து மனம் குளிர்ந்தது.

திருப்பதியில் இறங்கும்போது கூட்டம் என்னை முன்வாசலால் தள்ளியது, அந்தப் பெண்களைப் பின்வாசலால். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சேலை நூறு இருந்தது. என் பை எதிலும் இல்லை.

நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த ஒரே கருவி. இனி வேறு கிடைக்காது. பருவம் தொடங்க ஐந்து வாரம்தான்.

"எழுந்திருங்க மேடம், அழுதுக்கினு இருந்தா பை வராது" என்றார் சுகுணா. நிலையத்தில் அறிவிப்புச் செய்ய வைத்தார். நடத்துநரைத் தேடிப் பிடித்தார். மலைக்குப் போகும் பேருந்துகளின் வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். மாலைத் தோப்புக்காரரிடம் கைபேசியில் கெஞ்சுவதும் காதில் விழுந்தது. ஒரு நாள் தவறினால் அவர் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு முனிரத்தினம்தான் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து என் கைபேசி அடித்தது. கருவியின் மேல், "ஆபத்தில்லாதது, கண்டெடுத்தால் அழைக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி என் எண்ணைப் போட்டிருந்தோம். கடலில் மீனவர்கள் யாராவது எடுத்தால் என்று போட்டது. அழைத்தது மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடி.

ஆட்டோவில் போய் இறங்கினோம். ஓர் அறையில் மேசைமேல் என் கருவி. சுற்றிலும் ஒருவரும் இல்லாமல் வெறுமை. மூலையில் பெஞ்சில் அந்த அம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இறங்கும் நெரிசலில் தன் பையோடு என் பையையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சோதனை இயந்திரத்தில் கம்பியும் மின்கலமும் ஆண்டெனாவும் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும், "இன்னா கண்ணு வெச்சிருந்த பையில? என்னிய குண்டு கொண்ணாந்தவளாட்டம் பாக்கறாங்க. எனுக்கு தரிசன டைம் போய்க்கினே கீது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரல் உடைந்ததுதான் தாங்கவில்லை.

அதிகாரி நடுவயதுக்காரர். கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுகுணா தெலுங்கில் விளக்கினார். திமிங்கிலம் என்ற சொல் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"சித்தூரில் திமிங்கிலமா?" என்று கேட்டார்.

நான் கைபேசியை எடுத்து, ட்ரோனிலிருந்து எடுத்த படத்தை ஓடவிட்டேன். நீலக் கடலுக்குள் இன்னும் வெளிறிய நீலமாக ஓர் உடல் மேலெழும்பி, மூச்சு விட்டு, சூரிய ஒளியில் முதுகு மினுங்கி மறுபடி கீழே போகிறது. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். வாசலில் நின்ற காவலர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். துப்புரவுப் பெண்மணி வந்தார். அந்த அம்மாவும் எழுந்து வந்து என் தோள் வழியாகப் பார்த்தார்.

"இம்மாம் பெருசா?" என்றார் அவர். "இத யாரு அடிச்சது?"

கரையொதுங்கிய திமிங்கிலத்தைப் பற்றி நான் சுகுணாவிடம் சொல்லியிருந்தேன். அதைத்தான் சுகுணா இப்போது அறை முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கப்பல் அம்மா. வேணுமெண்டு இல்லை. அது அங்கை இருக்கிறது கப்பல்காரருக்குத் தெரியாது" என்றேன்.

அதிகாரி கருவியைத் தொடலாமா என்று கேட்டார். கிண்ணங்களை நனைத்து மேசையின் கண்ணாடியில் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். இழுத்தார். வரவில்லை. காவலர் ஒருவர் இழுத்தார். மேசையே நகர்ந்தது. அறையில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். "இது ஒட்டினால் அதற்கு வலிக்குமா?" என்று அதிகாரி கேட்டார். நான் ஓர் ஓரத்தில் விரல் விட்டுக் காற்றை உள்ளே விட்டுக் கழற்றி, என் முன்கையில் ஒட்டிக் காட்டினேன்.

அவர் பதிவேட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு ஒரு காவலரைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை அவருடைய கூட்டத்தோடு சேர்த்து, நேரம் தவறியது அவர் குற்றமில்லை என்று மேலே சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு கண்ணு. பெருமாள் கிட்ட அதுக்கும் சேத்து வேண்டிக்கிறேன். அது பேரு இன்னா?"

நாங்கள் அவற்றுக்கு எண்தான் கொடுத்திருக்கிறோம். சொல்ல வாய் வரவில்லை. "நீங்களே ஒரு பேர் வையுங்கோ" என்றேன். அவர் யோசித்துக்கொண்டே காவலரின் பின்னால் போனார்.

வால் அச்சாகி முடிய மாலையாகிவிட்டது. சித்தூர் திரும்பும் பேருந்தில் சுகுணா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அன்று இரவு ராகிக் களியும் கோழிக் குழம்பும் போட்டார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை.

நான்காம் நாள் வெதுருகுப்பத்துக்குப் பக்கத்து ஏரி. முனிரத்தினம் இரண்டு டிராக்டர் டியூபைச் சேர்த்துக் கட்டி, மேலே ஈர ரெக்சினைப் போர்த்தி, ஒரு முதுகு செய்திருந்தார். கயிற்றைப் பிடித்துக் கரையோடு நடந்தால் அது தண்ணீரில் நகரும். எருமைகளைக் குளிப்பாட்ட வந்த ஒரு பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீன் புடிக்கிறீங்களா?" என்றார். "இல்ல, மீனுக்குப் பொட்டு வைக்கிறோம்" என்றார் முனிரத்தினம். திமிங்கிலம் மீன் இல்லை என்று திருத்த வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

முதல் முறை கருவி தண்ணீரில் விழுந்தது. நான் சேலையோடு இருந்த சுகுணாவை நிறுத்திவிட்டு நீந்திப் போய் எடுத்தேன். இரண்டாவதும் தண்ணீர். மூன்றாவது முதுகின் ஓரத்தில் பட்டு எகிறியது. முனிரத்தினம் ஊசியைக் கழற்றித் தேய்த்தார். சுகுணா இன்னும் ஒரு மீற்றர் ஏற்றினார்.

"இப்ப அது மூச்சு வுட்டிச்சின்னு வெச்சிக்கோங்க" என்றார். "நான் அது இருக்கிற எடத்தப் பாக்கல. அது வரப்போற எடத்தப் பாக்கிறேன். என் விரலப் பாருங்க. உங்க ஊருல நீங்கதான் ஓட்டணும்."

நான்காவது முறை வால் காற்றில் நிமிர்ந்தது. கருவி நட்டகுத்தாக வந்தது. ரெக்சினில் ஈரமாக ஓர் அறை விழுந்த மாதிரிச் சத்தம். முனிரத்தினம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினார். டியூப் குதித்தது, அலைந்தது, தலைகீழாகப் புரண்டது. கருவி அசையவில்லை. எருமைக்காரப் பெண் கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, நாங்கள் மூவரும் கைதட்டியதால் அவரும் தட்டினார்.

பிறகு பத்துத் தடவை போட்டோம். ஏழு ஒட்டியது. பேருந்து நிலையத்தில் சுகுணா ஒரு பொட்டலம் மாங்காய்த் தொக்கைக் கையில் திணித்து, மேடத்தைக் கைவிட்டு, "போய்ட்டு வா அக்கா" என்றார்.

பங்குனி நடுவில் கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒரு காலையில் எங்கள் படகு வெளியே போனது. மூச்சு எழும்பியது. முனிரத்தினத்தின் கொக்கியைப் பொருத்திய எங்கள் ட்ரோனை நான் ஏற்றினேன். படகில் ஒருவர் பழக்கதோஷத்தில் "இறக்கு" என்றார். நான் இன்னும் ஏற்றினேன். முதுகு உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. வரப்போகும் இடத்தைப் பார்த்தேன். விரலை அழுத்தினேன்.

"ஒட்டிட்டுது!" என்று படகோட்டி கத்தினார். திமிங்கிலம் அலட்டிக்கொள்ளவே இல்லை. இன்னும் இரண்டு மூச்சு விட்டு, மஞ்சள் புள்ளியோடு கீழே போனது. படகில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

பிற்பகலில் சமிக்ஞை கேட்டு, மிதந்துகொண்டிருந்த கருவியை அள்ளினோம். ஆழத்தின் கோடு கணினித் திரையில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போனது. அதை அப்படியே சித்தூருக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் சுகுணாவின் குரல் வந்தது. பின்னால் ட்ரோன் இரைச்சல்.

"நல்லா வந்திச்சா அக்கா? அது தூங்கிச்சா?"

எங்களில் யாருமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எவ்வளவு ஆழம், எத்தனை முறை, என்ன வேகம் என்றுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் அது நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நேராக, ஆடாமல் அசையாமல் கிடந்தது. வாலடி இல்லை. சத்தம் இல்லை.

அடுத்த வாரம் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு கப்பல்களுக்கு வழிகாட்டும் முதிய கப்டன் ஒருவரின் மேசைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் கோட்டைத் தடவி வந்து, அந்த நேரான இடத்தில் நிறுத்தினார்.

"இதிலை கருவி பழுதோ?"

"இல்லை ஐயா. நித்திரை."

அவர் விரலை எடுக்கவில்லை. ஜன்னலால் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கடல் வரைபடத்தை விரித்து, பென்சிலைக் கூராக்கினார்.

"எவடம் எண்டு காட்டும் பிள்ளை."